காற்றுப் பையும் பட்டாணி மூட்டையும்

இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே மழை குறைவு. மரங்களும் குறைவு. குளிர்காலம் வந்தால் எங்கும் பனி. கோடையில் மட்டும்தான் விவசாயம். அங்கே பணம் தரும் பயிர் பச்சைப் பட்டாணி.

ஸ்பிதியின் முக்கிய ஊர் காஜா. அது 3,600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. தோர்ஜே அந்த ஊர்க்காரர். வாடகை ஜீப் ஓட்டுகிறார். காஜாவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மணாலிக்குப் போவார். மறுநாள் திரும்புவார். தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு முழுப் பகல் ஆகிவிடும்.

லோசர் என்ற ஊரைத் தாண்டினால் குன்சும் கணவாய். 4,500 மீட்டருக்கும் மேல் உயரம். அதைத் தாண்டி வளைந்து வளைந்து இறங்கினால் பாத்தல். அதற்குப் பிறகு பல இடங்களில் கல்லும் ஓடைத் தண்ணீரும்தான் பாதை. 2020-இல் அடல் சுரங்கப் பாதையைத் திறந்தார்கள். அதனால் ரோத்தாங் கணவாயில் ஏறும் வேலை மிச்சம். குன்சும் கணவாயில் ஏறும் வேலை அப்படியேதான் இருக்கிறது.

தோர்ஜேக்கு ஒரு கவலை. ஆள் நிறைந்ததும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். பள்ளத்தில் விழுந்தால் அடியில் ‘டம்’ என்று இடிக்கும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்டீயரிங் லேசாகிவிடும். இரவில் விளக்கு வெளிச்சம் சாலையில் விழாது. எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

“மணாலியில் காற்றுப் பை வைக்கிறார்களாம். பின்பக்கம் இறங்காதாம். இன்னும் நாலு மூட்டை கூட ஏற்றலாமாம்” என்று கூட ஓட்டும் ஒருவர் சொன்னார்.

தோர்ஜே மனதில் அந்த நாலு மூட்டைதான் பதிந்தது. வீட்டில் பட்டாணி காய்த்து நின்றது.

பட்டறையில்

மணாலியில் ஒரு பழைய பட்டறை. அங்கே வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வடநாட்டில் கைதேர்ந்த மெக்கானிக்கை உஸ்தாத் என்று அழைப்பார்கள். இவரையும் எல்லாரும் அப்படித்தான் அழைத்தார்கள்.

“உஸ்தாத்ஜி, பின்னால் காற்றுப் பை வைக்க வேண்டும்” என்றார் தோர்ஜே.

“வைக்கலாம், தம்பி. முதலில் அளவு நாடாவை எடு” என்றார் உஸ்தாத்.

காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தினார்கள். பின்சக்கரத்தின் நடுவில் இருந்து மட்கார்டின் விளிம்பு வரை நாடா பிடித்தார்கள். வலப்பக்கம் 54 சென்டிமீட்டர். இடப்பக்கம் 52.

“பார்த்தாயா? காலியாக நிற்கும்போதே ஒரு பக்கம் 2 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. இடப்பக்க ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதை மாற்றாமல் பை வைத்தால், நொண்டிக் காலுக்குப் புதுச் செருப்பு போட்டது போலத்தான்.”

உஸ்தாத் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். ஒரு ஷாக் அப்சர்பரில் எண்ணெய் கசிந்து, மண் ஒட்டிக் கறுத்திருந்தது. இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சர்பர். எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் சாயும். தோர்ஜேக்குச் செலவு நினைத்ததைவிட அதிகமானது. ஆனால் பாதி இடி அதிலேயே போய்விட்டது.

காற்றுப் பை என்றால் என்ன?

விபத்தின்போது ஸ்டீயரிங்கில் இருந்து விரியும் ஏர் பேக் வேறு. இது வேறு. இது தடித்த ரப்பர் அல்லது பிளாஸ்டிக்கால் செய்த உருளை. பார்க்கச் சின்னப் பானை போல இருக்கும். அதை வண்டியின் சுருள் ஸ்பிரிங்குக்குள் வைப்பார்கள். காற்று அடித்தால் பை விறைக்கும். ஸ்பிரிங்கோடு சேர்ந்து அதுவும் சுமையைத் தாங்கும். காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். அதுதான் இதில் வசதி. ஸ்பிரிங்கை மட்டும் தடிப்பாக மாற்றினால் காலி வண்டி கல்லில் குதிக்கும். பையில் அந்தத் தொல்லை இல்லை. சுமை இருந்தால் கூடுதல் காற்று. காலியானால் குறைவு.

எல்லா வண்டிக்கும் இந்தப் பை பொருந்தாது. போலீரோ, சுமோ, ஜிப்சி போன்ற வண்டிகளில் பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். 2020-இல் வந்த தார் வண்டியில் சுருள் ஸ்பிரிங். பட்டை உள்ள வண்டிக்கு வேறு வகைப் பை உண்டு. அதைச் சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் வைப்பார்கள். பட்டை ஸ்பிரிங் சுமையை முன்னும் பின்னுமாக இரண்டு இடத்தில் சேசிஸில் இறக்கும். அந்தப் பையோ நடுவில் ஓர் இடத்தில் முட்டும். அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் அந்த இடத்தில் சேசிஸ் வளையும், வெடிப்பு விடும். தோர்ஜேயின் வண்டியில் இருந்தது சுருள்.

“பை வைத்தால் இன்னும் நாலு மூட்டை ஏற்றலாமா?” என்று தோர்ஜே கேட்டார்.

உஸ்தாத் உடனே பதில் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்தார்.

“பை தாங்குவது வண்டியின் உயரத்தை. சுமை எங்கே போகும்? ஆக்சில் மேல்தான் இருக்கும். டயர் மேல்தான் இருக்கும். பிரேக்தான் அதை நிறுத்த வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் மொத்த எடை போட்டிருக்கிறது. பை வைத்தாலும் அந்த எண் மாறாது. முன்பு சுமை அதிகமானால் பின்பக்கம் தாழும். பார்த்ததும் உனக்குத் தெரியும். இனி தாழாது. உனக்கும் தெரியாது.”

தோர்ஜே தலையாட்டினார். ஆனால் முழுதாக நம்பவில்லை.

பை வைக்கும் விதம்

பையோடு ஒரு கையேடு வரும். வண்டிக்கு வண்டி சின்ன வித்தியாசம் உண்டு. அதனால் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை. உஸ்தாத் முப்பது வருட அனுபவம் உள்ளவர். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுத்தார்.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கினார். சேசிஸுக்கு அடியில் இரும்புத் தாங்கிகளை வைத்து, வண்டியை அவற்றின் மேல் இறக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது உயிருக்கு ஆபத்து. ஜாக்கி வழுக்கினால் தப்ப நேரம் இருக்காது.

பிறகு ஷாக் அப்சர்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினார். ஆக்சிலை மெதுவாகக் கீழே இறக்கினார். இறக்கும்போது ஒரு கண் பிரேக் டியூபின் மேலேயே இருந்தது. அது இழுபட்டால் உள்ளே கிழியும். வெளியே தெரியாது.

ஸ்பிரிங் தளர்ந்தது. உள்ளே ஒரு ரப்பர் முட்டு இருந்தது. வண்டி பள்ளத்தில் விழும்போது அடி தாங்கும் முட்டு. சில வண்டிகளில் அதை எடுக்க வேண்டும். சிலவற்றில் அளவாக வெட்ட வேண்டும். சிலவற்றில் தொடவே கூடாது. இந்த வண்டிக்கு எடுக்கச் சொன்னது கையேடு. முட்டை எடுத்துவிட்டால், இனி அந்த அடியையும் பைதான் தாங்கும். அதனால் காற்று இல்லாமல் வண்டியை ஓட்டவே கூடாது.

பையில் இருந்த காற்றை உஸ்தாத் அமுக்கி வெளியேற்றினார். சப்பாத்தி போல மடித்து, வாயை மூடியால் அடைத்தார். மூடினால்தான் மடித்தபடியே நிற்கும். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே அதை உள்ளே தள்ளினார். ஸ்குரூ டிரைவரால் குத்தித் தள்ளக் கூடாது. கையால் தள்ள வேண்டும். மேலும் கீழும் வட்டமான பிளாஸ்டிக் தகடுகள். மூடியைத் திறந்ததும் பை காற்றை இழுத்துக்கொண்டு விரிந்தது. நேராக நிற்கிறதா, எங்காவது மடிந்திருக்கிறதா என்று விளக்கு அடித்துப் பார்த்தார்.

அடுத்தது காற்றுக் குழாய். அதைக் கூர்மையான பிளேடால் நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் இணைப்பில் கசியும். குழாய் சைலன்சரின் பக்கம் போகவே கூடாது. சூட்டில் உருகிவிடும். ஆக்சில் ஏறி இறங்கும் இடத்தில் குழாயைக் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும்.

“இரண்டு பைக்கும் ஒரே வால்வு போதாதா? காற்று அடிப்பது சுலபமாக இருக்குமே?” என்று கேட்டார் தோர்ஜே.

“சுலபம்தான். ஆனால் வளைவில் என்ன ஆகும்? வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கப் பை அமுங்கும். அதில் உள்ள காற்று குழாய் வழியாக வலப்பக்கப் பைக்கு ஓடும். தாழ்ந்த பக்கம் இன்னும் தாழும். உன் பாதை முழுக்க வளைவுதான். தனித்தனி வால்வு வைத்தால் ஒரு பக்கம் ஓட்டையானாலும் மறுபக்கம் நிற்கும்.”

நம்பர் பிளேட்டின் இரண்டு பக்கமும் இரண்டு வால்வு வைத்தார்கள். சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற சின்ன வால்வுதான். ஷாக் அப்சர்பரை மாட்டி, வண்டியை இறக்கி, 10 பவுண்டு காற்று அடித்தார்கள். இணைப்புகளில் சோப்பு நுரை பூசினார்கள். வலப்பக்கம் சின்னக் குமிழ் வந்தது. குழாய் முழுதாக உள்ளே போகவில்லை. கழற்றி, மறுபடி அழுத்தி மாட்டினார்கள். குமிழ் நின்றது. அன்று இரவு வண்டி பட்டறையிலேயே நின்றது. காலையில் அளவு பார்த்தார்கள். இரண்டு பக்கமும் 10.

எவ்வளவு காற்று?

சுருளுக்குள் வைக்கும் பைகள் பலவற்றில் குறைந்தது 5 பவுண்டு காற்று இருக்க வேண்டும். அதிகம் போனால் 35. உங்கள் பையின் அளவைக் கையேட்டில் பாருங்கள். டயருக்கு 30 பவுண்டு, பைக்கும் 30 என்று கண்ணை மூடிக்கொண்டு அடிக்கக் கூடாது.

பை சின்னது. அதனால் காற்று மிக வேகமாக ஏறும். பஞ்சர் கடையில் உள்ள பெரிய எந்திரத்தால் அடித்தால் ஒரு நொடியில் அளவு தாண்டிவிடும். பை வெடிக்கவும் செய்யும். சைக்கிளுக்கு அடிக்கும் கால் பம்பே நல்லது. இன்னொன்று: கேஜ் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று வெளியே போகும். டயரில் அது தெரியாது. பையில் ஒன்றிரண்டு பவுண்டு குறைந்துவிடும். பார்த்துக்கொண்டே இருந்தால் பார்த்தே காலியாக்கிவிடலாம்!

உஸ்தாத் ஒரு கணக்குச் சொன்னார். காலி வண்டியின் உயரம் 54. சுமை ஏற்றியதும் 48-க்கு இறங்கும். அதன் பிறகு காற்று அடி. 52 வந்ததும் நிறுத்து. 54 வரை தூக்காதே.

“ஏன் உஸ்தாத்ஜி? 54 இருந்தால் இன்னும் நல்லதுதானே?”

உஸ்தாத் அவரை வண்டிக்கு அடியில் அழைத்துப் போனார். சேசிஸில் ஒரு வால்வு. அதில் இருந்து ஒரு மெல்லிய கம்பி ஆக்சிலுக்குப் போனது.

“இது பின்பிரேக்கின் வால்வு. எல்லா வண்டியிலும் இருக்காது. உன் வண்டியில் இருக்கிறது. காலி வண்டியில் பின்சக்கரத்தின் மேல் பாரம் குறைவு. பிரேக் பலமாகப் பிடித்தால் சக்கரம் இறுகி வழுக்கும். அதனால் இந்த வால்வு பின்பிரேக்கைக் குறைத்து வைக்கும். சுமை ஏறினால் பின்பக்கம் தாழும். கம்பி அசையும். வால்வு திறந்து பின்பிரேக்குக்குப் பலம் தரும். இந்த வால்வுக்குக் கண் இல்லை. உயரத்தை வைத்துத்தான் சுமையை அறியும். நீ காற்று அடித்து 54-க்குத் தூக்கினால், வண்டி காலி என்று நினைத்துக்கொள்ளும்.”

காற்று அடித்த பிறகு இந்த வால்வைக் கம்பெனிப் பட்டறையில் காட்டிச் சரிபார்க்கச் சொன்னார் உஸ்தாத். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்கச் சொன்னார். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில் சொல்கிறது.

தோர்ஜே கேட்டுக்கொண்டார். ‘அடுத்த தடவை பார்க்கலாம்’ என்று ஊருக்குக் கிளம்பினார்.

குன்சும் இறக்கம்

ஆகஸ்டு மாதம். பட்டாணி பறித்தாகிவிட்டது. பறித்த பட்டாணி காத்திருக்காது. இரண்டு மூன்று நாளில் வாடும். வாடினால் விலை பாதி. தோர்ஜேயின் மனைவி டோல்மா ஐந்து மூட்டை கட்டினார். ஒரு மூட்டை 50 கிலோ.

“வண்டியில் ஒன்பது பேர் வருகிறார்களே. ஐந்தும் ஏறுமா?” என்று டோல்மா கேட்டார்.

“இப்போதுதான் காற்றுப் பை இருக்கிறதே” என்றார் தோர்ஜே.

இரண்டு மூட்டை மேலே கேரியரில். மூன்று மூட்டை பின்னால். ஆட்களும் ஏறினார்கள். டோல்மா முன் சீட்டில் உட்கார்ந்தார். தோர்ஜே கால் பம்பை எடுத்தார். 20 பவுண்டு. 25 பவுண்டு. 30-இல் வண்டி 54-க்கு எழுந்து நின்றது. காலி வண்டி போல நிமிர்ந்து நின்றது. தோர்ஜேக்குப் பெருமையாக இருந்தது.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. குன்சும் உச்சியில் கோயிலைச் சுற்றி வந்து, எல்லாரும் கும்பிட்டார்கள். பிறகு இறக்கம்.

நாலாவது வளைவில் ஏதோ கருகும் நாற்றம் வந்தது. ஆறாவது வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. தோர்ஜே மறுபடி மிதித்தார். வண்டி வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. இடப்பக்கம் பள்ளம். கீழே தூரத்தில் ஆறு வெள்ளைக் கோடு போலத் தெரிந்தது.

தோர்ஜே கியரை இரண்டுக்கு இறக்கினார். எஞ்சின் கத்தியது. முதல் கியருக்கு மாற்றினார். கைபிரேக்கை மெதுவாக இழுத்தார். மலைப் பக்கம் ஓரமாக ஒரு மண்மேடு இருந்தது. அதில் சக்கரத்தை ஏற்றினார். வண்டி நின்றது.

யாரும் பேசவில்லை. முன்சக்கரங்களில் இருந்து புகை வந்தது. ஒருவர் பாட்டில் தண்ணீரோடு ஓடினார். தோர்ஜே தடுத்தார். கொதிக்கும் பிரேக் தட்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணும், வெடிக்கவும் கூடும். தானாகத்தான் ஆற வேண்டும்.

பின்சக்கரத்தின் பக்கம் போய்ப் புறங்கையை நீட்டிப் பார்த்தார். அங்கே சூடு குறைவாகவே இருந்தது. அப்போதுதான் உஸ்தாத் காட்டிய கம்பி நினைவுக்கு வந்தது. அத்தனை பாரத்தையும் முன்பிரேக் மட்டுமே இழுத்துப் பிடித்திருக்கிறது.

டோல்மா ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். அவர் எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். கூட்டல், கழித்தல் அவருக்கு நன்றாக வரும். புத்தகத்தில் மொத்த எடை 2,600 கிலோ என்று இருந்தது. வெறும் வண்டியின் எடை 1,850. கழித்தால் 750. இதுதான் ஏற்றக் கூடிய சுமை.

பட்டாணிக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதினார்.

ஆட்கள் 9 பேர், ஆளுக்கு 65 கிலோ: 585
பைகள், ஆளுக்கு 10 கிலோ: 90
கேரியர், கருவிகள்: 25
ஆக மொத்தம்: 700

“மீதி 50 கிலோ. ஒரே ஒரு மூட்டை ஏற்றலாம். நாம் ஏற்றியது ஐந்து” என்றார் டோல்மா.

200 கிலோ அதிகம். மூன்று ஆட்களைக் கூடுதலாக ஏற்றியது போல.

பிரேக் ஆற ஒரு மணி நேரம் ஆனது. நான்கு மூட்டைகளைச் சாலை ஓரத்தில் இறக்கினார்கள். பையின் காற்றைக் குறைத்து, வண்டியை 52-க்குக் கொண்டு வந்தார்கள். முதல் கியரிலேயே பாத்தல் வரை இறங்கினார்கள். பாத்தலில் ஒரு தாபா உண்டு. அங்கே சொல்லிவைத்து, பின்னால் வந்த ஒரு பிக்கப் வண்டியில் மூட்டைகளை ஏற்றி அனுப்பச் செய்தார்கள். மறுநாள்தான் அவை மணாலி வந்து சேர்ந்தன. கொஞ்சம் வாடியிருந்தன. கூலியும் போனது. டோல்மாவுக்கு அந்த வருடம் லாபம் குறைவு.

மணாலியில் முன்பிரேக் லைனிங்கை மாற்றினார்கள். பிரேக் எண்ணெயையும் மாற்றினார்கள். கம்பெனிப் பட்டறையில் பின்பிரேக் வால்வைச் சரிபார்த்தார்கள். உஸ்தாத் கோபப்படவில்லை. “எத்தனை பவுண்டு அடித்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

பையைப் பராமரிப்பது

காற்றை மாதத்தில் ஒரு நாள் பார்த்தால் போதாது. மலைப் பாதையில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை பார்ப்பது நல்லது. காலையில், வண்டி எடுப்பதற்கு முன், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்.

காற்றின் அளவு குளிரிலும் உயரத்திலும் மாறும். பகலில் வெயிலில் 15 பவுண்டு இருந்த பை, உறையும் இரவில் 13 காட்டலாம். அது ஓட்டை அல்ல. குளிரில் காற்று சுருங்குகிறது. உயரே போனால் வெளிக் காற்றின் அழுத்தம் குறையும். அதனால் பைக்குள் அழுத்தம் கூடியது போல கேஜ் காட்டும். மணாலியில் கட்டிய சிப்ஸ் பாக்கெட் குன்சுமில் பலூன் போல உப்பியிருப்பதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். அதே கதைதான். மணாலியில் 15 அடித்தால் குன்சும் உச்சியில் 3 பவுண்டு வரை கூடுதலாகக் காட்டும். ஆகவே அதிக அளவின் விளிம்பு வரை கீழேயே அடித்துவிடக் கூடாது. இரண்டு நாளில் ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், அதுதான் ஓட்டை. சோப்பு நுரை பூசிப் பார்க்க வேண்டும். முதலில் வால்வு, பிறகு இணைப்பு, கடைசியில் பை. பெரும்பாலும் முதல் இரண்டில்தான் கோளாறு இருக்கும்.

ஓடையைத் தாண்டும் வண்டிக்கு இன்னொரு எதிரி சின்னக் கல். அது ஸ்பிரிங்குக்கும் பைக்கும் நடுவில் போய் உட்காரும். வண்டி ஏறி இறங்க, பையை அறுக்கும். தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, விரலால் தடவிப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைக்கக் கூடாது. ரப்பர் ஊறிவிடும்.

டயர் மாற்ற ஜாக்கியால் சேசிஸைத் தூக்கும் முன் பையின் காற்றை 5 பவுண்டுக்குக் குறைக்க வேண்டும். ஆக்சில் கீழே தொங்கும்போது விறைத்த பை இழுபட்டுக் கிழியும். இறக்கிய பிறகு மறக்காமல் காற்று அடிக்க வேண்டும்.

வழியில் ஒரு பை வெடித்தால் வண்டி ஒரு பக்கம் சாயும். மறுபக்கப் பையையும் 5 பவுண்டுக்குக் குறைத்து, சுமையை இறக்கி, மெதுவாக ஓட்ட வேண்டும். பனிக்காலத்தில் வண்டியை நிறுத்தி வைத்தாலும் பையில் கொஞ்சம் காற்று இருக்கட்டும்.

டோல்மாவின் நோட்டில் இப்போது வண்டிக்கும் ஒரு பக்கம் உண்டு. தேதி, எத்தனை பேர், எத்தனை கிலோ, இடப்பக்கம் எத்தனை பவுண்டு, வலப்பக்கம் எத்தனை, உயரம் எத்தனை. தோர்ஜே படித்துச் சொல்ல, டோல்மா எழுதுவார். சில நாள் தோர்ஜேயே எழுதுவார். அவருடைய 5 இன்னும் கொஞ்சம் கோணல்தான்.

அடுத்த கோடையில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பட்டாணிக்குத் தனியாக ஒரு பிக்கப் வண்டி பேசினார்கள். கூலியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அதிலும் டோல்மா முதலில் கேட்டது ஆர்.சி. புத்தகத்தைத்தான்.

கணக்குப் போடுங்கள்

தோர்ஜே மணாலியில் இருந்து காஜாவுக்குத் திரும்புகிறார். வண்டியில் அவரோடு சேர்த்து 7 பேர். ஆளுக்கு 65 கிலோ. பை ஆளுக்கு 10 கிலோ. கேரியரும் கருவிகளும் 25 கிலோ. குளிர்காலத்துக்காக வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும். ஒரு மூட்டை 25 கிலோ. வண்டி 750 கிலோதான் தாங்கும். அதிகம் போனால் எத்தனை மூட்டை ஏற்றலாம்?

விடை: 8 மூட்டை.